பழைய கணப்படுப்பை வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா?

கேள்வி: தெற்குச்சாளரம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வாங்கிக் குடிவந்திருக்கும் வீடு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. கூடத்தின் வெளிச்சுவரை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்படுப்பு ஒன்று இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஆசையாகப் பத்துப் பன்னிரண்டு முறை மூட்டினோம். அதில் பாதி நாள் புகை அறைக்குள்ளேயே திரும்பியது. நன்றாக எரிந்த நாட்களிலும், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தால் முழங்கால் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. அடுப்பு மூட்டாத நாளைவிட மூட்டிய நாளில்தான் படுக்கையறை அதிகமாகச் சில்லிட்டுப் போகிறது என்று என் மனைவி சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டு இரவுகள் அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கண்ணில் படும் பழுதுகள் மூன்று. அடுப்பின் பின்சுவரில், கீழ் இரண்டு வரிசைச் செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தைச் சாவியால் கீறினால் மணல் போல உதிர்கிறது. புகைவழியை மூடித் திறக்கும் டேம்பர் தகடு துருவேறி, பாதி திறந்த நிலையில் இறுகி நிற்கிறது. மாடியறையில், புகைபோக்கி மேலேறும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. இரண்டு முறை வண்ணம் பூசியும் மறுபடி வெளியே வந்துவிட்டது.

ஒரு ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். புகைபோக்கிக்குள் தலையை நீட்டிக்கூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் இடித்து எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவிக்கு மின்கணப்புப் போதும் என்ற எண்ணம். எனக்கோ விறகு எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். அடுப்பின் மேல் பதித்திருக்கும் ஒற்றை மரப்பலகையை இழக்கவும் மனமில்லை. பழுது பார்த்து வைத்துக்கொள்வது, உள்ளே கதவுள்ள இரும்பு அடுப்பைப் பொருத்துவது, மின்கணப்புக்கு மாறுவது, இடித்துவிடுவது ஆகிய நான்கில் எதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது? இந்த வேலையைச் செய்தவர்களும் இதே நிலையில் இருந்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கொத்துக்கரண்டி

நான் புகைபோக்கி கட்டுவதும் பழுது பார்ப்பதுமாகவே பல ஆண்டுகள் கழித்தவன். நீங்கள் கேட்டிருப்பது அடுப்பைப் பற்றி. ஆனால் உங்கள் முடிவு புகைபோக்கியில் இருக்கிறது. கூடத்தில் தெரியும் செங்கல் வாய், பலகை, முன்தளம் எல்லாம் மொத்தக் கட்டுமானத்தில் ஒரு சிறு பங்குதான். அவற்றில் வரும் பழுதுகள் பெரும்பாலும் மலிவானவை. பின்சுவர்ச் சாந்து உதிர்வது எனக்கு ஒரு நாள் வேலை. அதையும் சாதாரணச் சிமெண்டுச் சாந்தால் பூசாதீர்கள். அது சூட்டில் வெடித்து அடுத்த குளிர்காலத்திலேயே கொட்டிவிடும். தீச்செங்கல் இணைப்புகளுக்கென்றே வெப்பம் தாங்கும் சாந்து தனியாகக் கிடைக்கிறது, இணைப்பும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

என்னைக் கவலைப்பட வைப்பது மாடியறைக் கறைதான். அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். புகைபோக்கியின் மேல்மூடி விரிசல் கண்டு மழைநீர் இறங்கி, உள்ளே படிந்த கரியோடு கலந்து சுவர் வழியாக ஊறியிருக்கலாம். கரியும் நீரும் சேர்ந்தால் அமிலத்தன்மை வந்துவிடும். அது சாந்தையும் மெல்ல அரிக்கும். அல்லது புகைவழியின் உட்குழாயில் இணைப்பு விட்டுப்போய், தார்க்கசிவு வெளியே வந்திருக்கலாம். முதலாவது என்றால் கூரைமேல் வேலை. இரண்டாவது என்றால், தீயின் சூடும் நச்சுப்புகையும் மாடியறைச் சுவருக்குள் போக வழி இருக்கிறது என்று பொருள். படுக்கையறையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கரியமில வாயுவைச் சொல்லவில்லை, கார்பன் மோனாக்சைடைச் சொல்கிறேன். அதற்கு மணமோ நிறமோ இல்லை.

ஆகவே இது தெளிவாகும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம். அதற்குள் நான்கு விவரங்கள் தாருங்கள். அடுப்பு வாயின் அகலமும் உயரமும் எவ்வளவு? புகைவழியின் உள்ளளவு எவ்வளவு? அதற்குள் சுட்ட களிமண் குழாய் பதித்திருக்கிறார்களா, வெறும் செங்கல்லா? உள்ளே படிந்திருக்கும் கரி எப்படி இருக்கிறது: தூளாகவா, செதிலாகவா, பூசிய தார் போலப் பளபளப்பாகவா?

தெற்குச்சாளரம்

மிக்க நன்றி ஐயா. கைப்பேசியை ஒரு நீண்ட கழியில் கட்டி, விளக்கையும் காணொளிப் பதிவையும் இயக்கி, டேம்பர் இடுக்கு வழியாக மேலே செலுத்திப் பார்த்தேன். சட்டை கரியானதைத் தவிரச் சேதம் ஒன்றும் இல்லை.

அடுப்பு வாய் 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம். புகைவழி சதுரமானது, உள்ளளவு 20க்கு 20 செ.மீ. சுட்ட களிமண் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய மாடித்தள உயரத்தில் ஓர் இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. கரி, கீழே தூளாகத்தான் இருக்கிறது. மேலே போகப்போக உடைந்த கண்ணாடிப் புட்டியின் விளிம்பு போல மின்னும் கறுப்புப் பூச்சாக மாறுகிறது. கழியின் முனையால் சுரண்டினேன், அசையவே இல்லை. கூரையில் ஏறிய பணியாள் மேல்மூடியில் நீள விரிசல் இருப்பதாகச் சொன்னார்.

கொத்துக்கரண்டி

அந்தக் காணொளி ஒன்றே ஒப்பந்தக்காரரின் வருகையைவிட உங்களுக்கு அதிகம் சொல்லிவிட்டது. முதலில் புகை ஏன் திரும்புகிறது என்பதைப் பார்ப்போம். திறந்த அடுப்பில் புகைவழியின் குறுக்குப் பரப்பு, அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. உங்கள் வாய் 6,750 சதுர செ.மீ.; அதற்கு 675 சதுர செ.மீ. புகைவழி வேண்டும். இருப்பதோ 400. ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான். கட்டியவர் காலத்திலிருந்தே இந்த அடுப்பு புகைந்துகொண்டுதான் இருந்திருக்கும். நீங்கள் மூட்டத் தெரியாமல் மூட்டியதால் வந்த குறை அல்ல இது.

வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில், சிறு தீயை மூட்டி, வாயின் மேல்விளிம்பில் ஓர் இரும்புத் தகட்டைப் பிடித்து, புகை நிற்கும்வரை மெல்லக் கீழே இறக்கிப் பார்க்கச் சொல்வேன். எந்த உயரத்தில் புகை நிற்கிறதோ அதுவே அந்தப் புகைவழிக்கு ஏற்ற வாய். உங்களை அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல மாட்டேன், காரணம் கீழே. கணக்குப்படி 90 செ.மீ. அகலத்துக்கு உயரம் 44 செ.மீ.தான் வரும். அதாவது வாயின் மேற்பாதியை ஏறக்குறைய மூட வேண்டும். பார்க்க அஞ்சல் பெட்டியின் வாய் போல இருக்கும்.

அடுத்து அந்தக் கண்ணாடிப் பூச்சு. அது கிரியோசோட்டின் முற்றிய நிலை. புகையிலுள்ள தார் ஆவியும் ஈரமும் குளிர்ந்த குழாய்ச்சுவரில் படிந்து, மேலும் மேலும் சூடேறி இறுகியது. ஈர விறகு, காற்றைக் குறைத்துப் புகைய விடும் சோம்பல் தீ, வெளிச்சுவரில் நின்று குளிரும் புகைபோக்கி ஆகிய மூன்றும் சேர்ந்தால் இது வரும். உங்களுக்கு முன் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்தது இது. தூரிகைக்கு வராது, அதற்கென்றுள்ள வேதிப்பொருளைப் பூசிப் பிறகு சுழல் சங்கிலியால் தட்டி எடுக்க வேண்டும், சில வேளைகளில் குழாயையே உடைத்து எடுப்பது எளிது. அந்தப் பூச்சில் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். விரல் நுழையும் இடைவெளி இருக்கும் குழாயில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முறையான கேமராப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211 என்னும் தரநிலை, ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைப் பார்க்கச் சொல்கிறது; வீடு கைமாறும்போதும், எரியும் கருவியை மாற்றும்போதும் இன்னும் ஆழமான பரிசோதனை வேண்டும் என்கிறது. எங்கே வாழ்ந்தாலும் பின்பற்றத் தக்க வழக்கம் அது.

என் கருத்து: இந்த அடுப்பைத் திறந்த அடுப்பாகவே திருத்துவதில் பயனில்லை. புகைவழியைப் பெரிதாக்கப் புகைபோக்கியையே புதிதாகக் கட்ட வேண்டும். இருக்கும் 20 செ.மீ. வழிக்குள் 15 செ.மீ. எஃகுக் குழாய் இறங்கும், வெப்பத்தடுப்புப் போர்வையோடு சேர்த்தே இறங்கும், வழி நேராக இருந்தால். அந்த அளவு குழாயில் எரியும் உள்பொருத்து அடுப்புகள், அதாவது பழைய வாய்க்குள் பொருத்தும் கதவுள்ள இரும்பு அடுப்புகள், நிறைய உள்ளன.

பதில்: இரும்புக்கதவு

கொத்துக்கரண்டி ஐயா சொன்ன கடைசி வழியை நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுத்தோம். எங்களுடையதும் முன்னால் முழங்கால் சுட்டுப் பின்னால் முதுகு குளிர்ந்த அடுப்புதான்.

படுக்கையறை ஏன் சில்லிட்டது என்பதற்குக் காரணம் எளிது. திறந்த அடுப்பு எரியத் தேவையான காற்றைப் போலப் பலமடங்குக் காற்றை அறையிலிருந்து இழுத்து மேலே அனுப்புகிறது. போன காற்றுக்கு ஈடாக, வீட்டின் எல்லாச் சன்னல் இடுக்குகள் வழியாகவும் வெளிக்குளிர் உள்ளே வருகிறது. விறகிலுள்ள வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம் அறைக்குக் கிடைத்தால் பெரிது. கடுங்குளிர் நாளில் வீடு மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் நட்டமாகக்கூட முடியலாம். இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. கவுண்ட் ரம்ஃபோர்டு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் என்னும் அறிவியலாளர் 1790களிலேயே இதைப் பார்த்துவிட்டு, அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச்சுவர்களை விரித்துச் சாய்த்து, புகைத்தொண்டையை, அதாவது அடுப்புக்கு மேலே புகைவழி தொடங்கும் இடத்தை, ஒடுக்கிக் காட்டினார். அவருடைய வடிவம் உண்மையிலேயே நல்ல வடிவம். ஆனாலும் வாய் திறந்திருக்கும்வரை காற்றுப் போவதை முழுமையாக நிறுத்த முடியாது. கதவும் காற்றுக் கட்டுப்பாடும் உள்ள இக்கால உள்பொருத்து அடுப்பு 70 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ தருகிறது. எங்கள் வீட்டில் விறகுச் செலவு பாதிக்கும் கீழே வந்தது.

இனி, விற்பவர்கள் சொல்லாதவற்றைச் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் தீ இருப்பதால் விறகு வெடிக்கும் சத்தமும் மணமும் போய்விடும். நீங்கள் விரும்புவது அதுதான் என்றால் முதல் மாதம் ஏமாற்றமாக இருக்கும். எங்கள் அடுப்பில் 40 செ.மீ.க்கு மேல் நீளமான கட்டை நுழையாது. ஏற்கெனவே வெட்டி அடுக்கியிருந்த விறகை எல்லாம் நான் மறுபடி அறுத்தேன். சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறியின் இரைச்சல் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி அளவுக்கு உண்டு. அமைதியான இரவில் நான் அதை அணைத்துவிட்டு வெறும் கதிர்வெப்பத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஈர விறகைப் போட்டால் ஒரே மாலையில் கண்ணாடி கறுத்துவிடும். ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையைப் புதிதாகப் பிளந்து அந்த உள்முகத்தில் அளக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் அல்ல. 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே போகலாம்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். சிலர் இரும்பு அடுப்பைப் பழைய வாய்க்குள் தள்ளிவிட்டு, புகையை அப்படியே அகன்ற பழைய வழிக்குள் விட்டுவிடுவார்கள். எங்களுக்கு முதலில் விலை சொன்னவரும் அதைத்தான் முன்மொழிந்தார். திறமையான அடுப்பின் புகை குறைந்த சூட்டில் வெளியேறும். அகன்ற குளிர்ந்த வழியில் அது இன்னும் குளிர்ந்து, முன்பைவிட வேகமாகத் தாரைப் படிய வைக்கும். அடுப்பின் கழுத்திலிருந்து கூரை உச்சிவரை இடைவிடாத எஃகுக் குழாய் வேண்டும், தொண்டையில் அடைப்புத் தகடும் வேண்டும். அவர் குழாய்க்கான தொகையைக் குறைத்துக் காட்டியதால்தான் அவருடைய மதிப்பீடு மலிவாகத் தெரிந்தது.

பதில்: வெற்றுச்சுவர்

இடிப்பதைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் இடித்தோம்.

கூடத்தில் உள்ள அடுப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதன் தலைமேல் மாடியறைச் சுவரிலும் கூரைக்கு மேலும் சில டன் செங்கல் நிற்கிறது. கீழே எடுத்தால் மேலே உள்ளதைத் தாங்க எஃகு உத்தரம் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும், உரிய அனுமதியும் தேவை. பொதுச்சுவர் உள்ள வீடென்றால் அண்டை வீட்டாரின் புகைவழி அதே கட்டுமானத்துக்குள் ஓடுவதும் உண்டு. கூடம் பெரிதாகியது உண்மை. கிடைத்த இடமோ ஓர் அலமாரி வைக்கும் அளவு. அதற்காக ஆறு வாரம் தூசியில் வாழ்ந்தோம். உங்கள் வீட்டின் வயதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய அடுப்புகளின் தகடுகளிலும் கயிற்று அடைப்புகளிலும், பழைய எரிவாயு அடுப்புகளின் செயற்கைச் சாம்பலிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, பலகையின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் சுத்தியலை எடுக்காதீர்கள்.

இரண்டாவது அடுப்பை நாங்கள் இடிக்காமல் மூடினோம், அதிலும் தவறு செய்தோம். மேலேயும் கீழேயும் காற்றுப் புகாமல் அடைத்தோம். ஓராண்டுக்குள் சுவரில் ஈரக்கறை. பழைய கரியில் உள்ள உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே காற்று நகராவிட்டால் அது உலரவே உலராது. பிறகு கீழே ஒரு சிறு காற்றுத்துளைத் தட்டும், உச்சியில் மழை விடாத, ஆனால் காற்று விடும் தொப்பியும் வைத்த பின்புதான் நின்றது. பயன்படுத்தாத புகைபோக்கியும் நனையும். மேல்மூடியையும் கூரை இணைப்பையும் பராமரிக்கும் செலவு உங்களை விட்டுப் போகாது.

ஆண்டில் பத்துப் பன்னிரண்டு மாலைதான் மூட்டுவீர்கள் என்றால், உங்கள் மனைவி சொல்வது போல அந்தச் செங்கல் வாய்க்குள் மின்கணப்பை வைத்துவிட்டு, பலகையை அப்படியே காப்பாற்றுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலானவை 1,500 வாட் அளவில் இருக்கும். ஒரு நடுத்தர அறைக்கு இதம் தருமே தவிர வீட்டைச் சூடாக்காது. புகை இல்லை, தார் இல்லை, கூரையேற்றம் இல்லை.

இரும்புக்கதவு

மின்சாரம் நின்றுபோகும் இரவில்தான் கணப்பு உண்மையில் வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பணிவோடு சேர்த்துக்கொள்கிறேன். அந்த வாதத்துக்கு வெற்றுச்சுவர் அவர்களின் கணப்பில் பதில் இல்லை.

பதில்: தகரப்பெட்டி

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே பேசப்படுவது செங்கல் அடுப்பு. உங்கள் அடுப்பின் உள்ளே தலையை நீட்டினால் மேலே வட்டமான தகரக் குழாய் தெரிகிறதா, உள்சுவரைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறதா? அப்படியானால் அது தொழிற்சாலையில் செய்து பொருத்திய தகரப்பெட்டி. செங்கல் போலத் தெரிவது வார்ப்புப் பலகை. அதற்கு ஆயுள் உண்டு, இருபது முப்பது ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். அடித்தட்டு துருவேறி ஓட்டை விழுந்தால் பூசி மெழுகிப் பயனில்லை, அந்த மாதிரிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகமும் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே மாற்றுவதைத் தவிர வேறு வழி யோசிக்க வேண்டாம்.

தெற்குச்சாளரம்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இடிப்பது என்ற பேச்சை விட்டுவிட்டோம். கேமராப் பரிசோதனைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். பூச்சை எடுத்த பின் எஃகுக் குழாய் நேராக இறங்கும் என்று அவர் உறுதி சொன்னால் உள்பொருத்து அடுப்பு. இடையில் வளைவோ பெரிய உடைப்போ இருந்தால் மின்கணப்பு. இரண்டாவது வந்தால் முணுமுணுக்கக் கூடாது என்று மனைவி என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். எதுவானாலும் மேல்மூடியை மழைக்கு முன் சரிசெய்துவிடுகிறோம்; கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்கியாயிற்று, மாடிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த மரப்பலகை அடுப்பு வாயின் மேல்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; சுவரிலிருந்து 15 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்பொருத்து அடுப்பு வந்தாலும் அதை அப்படியே விட்டுவைக்கலாமா?

கொத்துக்கரண்டி

அப்படியே விட முடியாது என்றுதான் நினைக்கிறேன். திறந்த செங்கல் அடுப்புக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: வாயிலிருந்து 15 செ.மீ.க்குள் எரியக்கூடிய பொருளே கூடாது. 30 செ.மீ. உயரம்வரை, வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் முன்னால் நீட்டக் கூடாது. 20 செ.மீ. உயரத்தில் உங்களுக்கு அனுமதி இரண்டரை செ.மீ., இருப்பது 15. உள்பொருத்து அடுப்புக்கு அதன் கையேட்டில் தரப்படும் இடைவெளிதான் சட்டம்; மாதிரிக்கு மாதிரி அது மாறும், ஆகவே அடுப்பை வாங்கிவிட்டுப் பலகையை அளக்காமல், இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கையேடுகளைப் படியுங்கள். எந்த மாதிரியும் ஒத்துவரவில்லை என்றால் பலகையைக் கழற்றி மேலே ஏற்றிப் பதிக்கலாம், அல்லது அதன் அடியில் காற்றிடைவெளி விட்டு உலோகத் தகட்டைப் பொருத்தலாம்.

அதற்கு முன் இன்னொன்று. விளக்கை வைத்துக்கொண்டு குனிந்து, பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நகத்தால் அழுத்தியும் பாருங்கள். பல ஆண்டுகள் சூடு பட்ட மரம் புதுமரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடும். நடுப்பகுதி ஓரங்களைவிடக் கருத்திருக்கிறதா, வண்ணம் கொப்பளித்திருக்கிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள்.